பேச்சி புருஷன் வாய மூடுன நேரம்

இதுல ஒரு சொல்லு பொய்யா இருந்தாலும் முபாரக் பாயோட கேமரா இந்த மாடியில இருந்து விழுந்து சுக்குநூறாப் போகட்டும். என் மேலயே சத்தியம் பண்ணலாந்தான், ஆனா நான் என் மேல பண்ணுன சத்தியத்த நானே நம்புறதில்ல, நீங்க எங்கிட்டு நம்பப்போறீங்க. பாய் கேமரான்னா எனக்கே பயம் இருக்கும், கூட்டிக் கொறச்சுச் சொல்ல மாட்டேன். இப்ப என்னால வாயத் தொறக்க முடியாது, எல்லாத்தையும் உள்ளுக்குள்ளதான் சொல்லிக்கிட்டு இருக்கேன். பாய் வலது கையத் தூக்கிட்டாரு. அந்தக் கை எறங்குற வரைக்கும் இந்த மொட்டமாடித் தகரக் கொட்டாயில ஒருத்தரும் பேசக்கூடாது, இருமக்கூடாது, கால் மாத்தி நிக்கக்கூடாது. வெறுஞ்சத்தம் பிடிக்கிறாரு. காட்சி எடுத்து முடிச்சதும் அந்த எடம் சும்மா கெடக்குற சத்தத்தத் தனியாப் பிடிச்சு வச்சுக்கணுமாம். பெறகு வெட்டி ஒட்டுறப்ப வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவுல பள்ளம் விழுந்தா இத அள்ளிப் போட்டு மூடுவாரு. ஆரம்பத்துல நான் சிரிச்சேன், சும்மா கெடக்குறதுக்கு என்ன பாய் சத்தம், ஊமைக்கு மைக்கு குடுத்த கதையாவுல்ல இருக்குன்னு. அதுக்கு அவரு, மாயா, உன் வீட்டு அமைதி வேற, என் வீட்டு அமைதி வேறப்பா, மாத்தி ஒட்டுனா காது கண்டுபிடிச்சிரும்னாரு. என் வீட்டுல அமைதி இருந்தாத்தான பாய், நான் இருக்கேன்லன்னேன். அப்ப இதெல்லாம் வெளையாட்டு. இன்னிக்கு இந்த அமைதி எனக்கு வெளையாட்டு இல்ல. ஏன்னா கொட்டாய் வாசப்படிகிட்ட, கையில பையோட, இன்னொரு கையில குக்கர் விசிலோட, அசையாம நிக்கிறா என்கூட நடிக்கிற கீழ்வீட்டுத் தமயந்தி. அவகிட்ட நான் ஒண்ணு கேட்டுட்டேன். பதில் வர்றதுக்குள்ள பாய் கையத் தூக்கிட்டாரு.

செல்லூர்ல எங்கிட்டுத் திரும்புனாலும் விசைத்தறி. காலையில கண்ண முழிச்சதுல இருந்து கடகட கடகடன்னு ஊரே பல்லைக் கடிச்ச மாதிரிதான் இருக்கும். அதுக்குள்ள நின்னு எவன் படம் எடுக்க. அதனால மாசம் ஒருநா பராமரிப்புன்னு சொல்லிக் கரண்ட நிறுத்துவாங்கள்ல, அன்னிக்குத்தான் எங்களுக்குத் தீபாவளி. ஊரு பூராம் விசிறி இல்லாம வஞ்சுக்கிட்டுக் கெடக்கும், நாங்க மூணு பேரு மட்டும் புதுச்சட்டை போட்டுக்கிட்டு மாடியேறுவோம். செல்லுல ஓடுற எங்க நாடகத்துக்கு ஒரு மாசத்துக்குண்டான கதைய ஒரு பகல்ல எடுத்துரணும். கரண்ட் எப்ப வரும்னு சொல்ல முடியாது, சாயங்காலம்னு சொல்லுவாய்ங்கெ, மத்தியானமே வந்துரும். வந்துச்சுன்னா அத்தனை தறியும் ஒண்ணா எந்திரிச்சு ஆடும், அத்தோட கடைய மூட வேண்டியதுதான். இப்பக்கூட நான் பயந்துக்கிட்டுத்தான் நிக்கிறேன். தகரத்துச் சூடு உச்சியில எறங்கி, பிடரி வழியா ஒரு சொட்டு வேர்வை புறப்பட்டிருக்கு. முதுகுத்தண்டுல அது எந்த ஊர்ல நிக்கிது, எந்த ஊரத் தாண்டுதுன்னு என்னால சொல்ல முடியும். கருமாத்தூர், செக்கானூரணி, இல்ல, முறை மாறிப் போச்சு, செக்கானூரணி மொதல்ல, அப்பறந்தான் கருமாத்தூர், அப்பறம் உசிலம்பட்டி. பாருங்க, பயத்துல பழைய தொழிலு மறக்குது.

ஆமா, நான் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல தேனி பஸ்ஸுக்கு ஆள் கூப்பிட்டவன். காசிமாயன்னா யாருக்கும் தெரியாது, தேனி மாயன்னா தெரியும். தேனிக்கு நான் போனதே இல்ல. எட்டாங்கிளாசுல வாத்தியார் உன் வாய்க்கு வெளியதான் எடம்னு சொல்லி வெளிய நிறுத்துனாரு, நான் அப்படியே நடந்து பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டேன். தேனி தேனி தேனி, உசிலம்பட்டி ஆண்டிபட்டி தேனி, உக்காந்து போலாம் தேனி. ஒரு சீட்டும் இருக்காது, உக்காந்து போலாம்னு கூப்பிடுவேன். விசேஷ வீட்டுல மைக்ல மொய் வாசிக்கவும் என்னயத்தான் கூப்புடுவாய்ங்கெ, காதுகுத்து கல்யாணம்னா மாயன் வந்து வாசிச்சாத்தான் வச்சவனுக்குத் திருப்தி. இம்புட்டு வாய் இருந்து என்ன பண்ண. எத்தனை சனத்தக் கூவிக்கூவி ஊர விட்டு அனுப்பியிருக்கேன், ஒருத்தரையாச்சும் போகாதன்னு சொல்லியிருக்கேனா. அந்தத் தொழில்ல ஏறு ஏறுதான் உண்டு, போகாதங்கிற சொல்லே கெடையாது. நாளைக்கு அதே ஆரப்பாளையத்துல தமயந்தி பஸ் ஏறப்போறா. திருப்பூர் திருப்பூர்னு எவனோ ஒரு கிறுக்குப்பய தொண்ட கிழியக் கூப்புடுவான். அவன் வாயில ஒரு பன்ன வச்சு அடைச்சா என்னன்னு நேத்துப் பூராம் யோசிச்சேன். பாவம், அவன் தொழில அவன் பாக்குறான்.

திருப்பூர்ல அவுக அண்ணன் இருக்காரு, பனியன் கம்பெனியில மேஸ்திரி. தங்கச்சி கீழ்வீட்டுல தனியா உக்காந்து ஊரு சனத்துக்கு சாக்கெட் தச்சுக்கிட்டு எம்புட்டு நாளைக்கு இருப்பான்னு அவருக்குக் கவலை. நாயந்தான். கட்டுனவன் விட்டுட்டுப் போயி, கோர்ட்டுல எழுதி முடிச்சு, வருசம் பல ஆச்சு. அங்கயே வேலையும் பாத்து, அங்கயே ஒரு மாப்பிள்ளையும் பாத்திருக்காராம். எம்பிராய்டரி மிசினு சொந்தமா வச்சிருக்க ஆளாம். போன வாரம் ஊசியில நூலக் கோத்துக்கிட்டே, தலைய நிமித்தாம, மாயண்ணே, இந்த எபிசோடோட நான் முடிச்சுக்கிறேன், வேற ஆள் பாத்துக்கங்கன்னா. நான் என்ன சொன்னேன் தெரியுமா. மிசினு வச்சிருக்கவர்ன்னா நல்லதுதான், சட்டையில ஓசியாப் பூப் போட்டுத் தருவாருன்னேன். சொல்லிட்டுச் சிரிச்சேன். அவ சிரிக்கல. நூலு ஊசிக்காதுல போகாம வெலகுச்சு, எச்சில் தொட்டு மறுபடி கோத்தா. எனக்கு வாயி வேகமா ஓடுற அளவுக்கு மனசு ஓடாது. வாயி தேனி போயிச் சேந்துரும், மனசு அப்பத்தான் ஆரப்பாளையத்துல டீ குடிச்சுக்கிட்டு இருக்கும்.

கீழ ரோட்டுல எவனோ வண்டிய முறுக்குறான். பாய் மூஞ்சி சுருங்குது, தூக்குன கைய எறக்காம வெரல மட்டும் வட்டமாச் சுத்துறாரு. அப்படின்னா கெட்டுப்போச்சு, மறுபடி மொதல்ல இருந்துன்னு அர்த்தம். ஆத்தாடி, மறுபடியுமா. மைக்குச் சத்தத்தக் கேக்குற பெரிய காதுமூடிய மாட்டிக்கிட்டு, கண்ண மூடிக்கிட்டு, நிக்காஹ் வீட்டு பிரியாணிய மோந்து பாக்குற மாதிரி நிக்கிறாரு. கல்யாண வீடியோ எடுத்து எடுத்துச் சலிச்சுப்போயி, ஒரே மாதிரி அழுகிற பொண்ணு ஒரே மாதிரி சிரிக்கிற மாப்பிள்ளை, வேற ஏதாச்சும் எடுப்போம் மாயான்னு என்னையத் தேடி வந்த மனுசன். அவரு கேமராவும் என் வாயும், அம்புட்டுத்தான் மொதலு. தொடப்பக் குச்சியில மைக்குக்குப் பதிலாச் செல்லக் கட்டி வச்சு ஆரம்பிச்சோம். பொம்பள வேசம் போட ஆள் இல்ல. நானே தலையில துண்டப் போட்டுக்கிட்டுப் பொண்டாட்டி, துண்ட எடுத்துட்டுப் புருஷன். இங்கிட்டு நின்னு திட்டுவேன், அங்கிட்டு ஓடிப்போய் நின்னு வாங்கிக்குவேன். பாத்தவுக எண்ணிக்கை எம்புட்டுங்கிறீங்க, அதுல பாதி நாங்களே திரும்பத் திரும்பப் பாத்தது. அப்ப ஒருநா துண்டு சரியில்ல, சேலையே கட்டிருவோம்னு கொடியில காஞ்ச ஒரு சேலைய உருவிக் கட்டுனேன். அது கீழ்வீட்டுக்காரி கஞ்சி போட்டுக் காயவச்ச வாடிக்கைக்காரவுக சேலை. ஃபால்ஸ் அடிச்சுக் குடுக்க வேண்டியது. படியேறி வந்தா பாருங்க. கேமரா ஓடிக்கிட்டு இருந்துச்சு. நான் பொண்டாட்டி பேச்சியா நின்னேன், அவ என்னைய மேல இருந்து கீழ பாத்தா. யோவ், கட்டுனதுதான் கட்டுன, கொசுவத்த இடுப்புல சொருகாம, மொளகா மூட்டையக் கட்டுன மாதிரியா கட்டுவன்னு ஆரம்பிச்சா. கழட்டுன்னா. உள்ள ஒண்ணும் இல்ல தாயின்னேன். அதுக்கு அவ சொன்னது இருக்கே, அந்தப் பதிலத்தான் ஊரு பூராம் செல்லுல வச்சுக்கிட்டுத் திரியிது. அதுல நான் மட்டுந்தான் நடிச்சேன், அவ நெசமா வஞ்சா. அதுதான் மொத எபிசோடு. அன்னியில இருந்து அவதான் பேச்சி. நாடகத்துப் பேரு என்னன்னா, பேச்சி புருஷன்.

கதையில எனக்குப் பேரே கெடையாது. பேச்சி புருஷன், அம்புட்டுத்தான். இப்ப கடைத்தெருவுல போனா யாரும் தேனி மாயான்னு கூப்பிடுறதில்ல. ஏ பேச்சி புருஷா, வீட்டுல பேச்சி சொகமா, கத்திரிக்கா வாங்குனியே, பேச்சிகிட்டக் கேட்டியான்னு கேக்குறாய்ங்கெ. நான் ஒண்டிக்கட்ட, கத்திரிக்காய யாருகிட்டக் கேக்க. ஆனா பதில் சொல்லிருவேன், அவளுக்கு வெள்ளைக் கத்திரிக்காதான் பிடிக்கும்னு. சொல்லிட்டு வெள்ளைக் கத்திரிக்காயே வாங்கிட்டு வருவேன். எனக்கு அது ஆகாது, அரிக்கும். ஊரே அவளுக்கு என்னையப் புருஷன்னு சொல்லுது, அவ மட்டும் மாயண்ணேங்குறா. கேமரா ஓடுறப்ப ஏய்யா ஏய்யான்னு உருகுவா, பாய் நிறுத்துனதும் மாயண்ணே தண்ணி குடிங்கம்பா. அந்த ஒரு எட்டுல நான் மாடியில இருந்து தரைக்கு வந்துருவேன். அண்ணேங்கிறது என்ன வேலியா, பக்கத்துக் கடைக்காரர அண்ணேங்குறா, பால்காரர அண்ணேங்குறா, மீட்டர் பாக்க வந்தவர அண்ணேங்குறா. அப்படிப் பாத்தா நானும் மீட்டர் பாக்க வந்தவனும் ஒண்ணு. அப்படிப் பாக்கலேன்னா? அப்படிப் பாக்காம வேற எப்படிப் பாக்க? இதுலயே சுத்திச் சுத்தி வருவேன், செக்குமாட்டுக்காச்சும் எண்ணெய் மிஞ்சும். இதுல இன்னொண்ணு வேற. நாலாவது எபிசோடா அஞ்சாவதான்னு நெனப்பில்ல, எவனோ ஒரு புண்ணியவான் வீடியோவுக்குக் கீழ எழுதியிருந்தான், இவுக நெசத்துலயும் ஜோடிதானன்னு. அதுக்கு நேரா ஒரு செகப்பு ஹார்ட்டு. எங்க கணக்குல இருந்து போட்டது. அந்தக் கணக்கு மூணு பேரு செல்லுலயும் இருக்கு. நான் போடல. பாய் எல்லாத்துக்கும் கட்டைவெரலத்தான் போடுவாரு, ஹார்ட்டு போட்டா பீவி வைவாகன்னு பயம். அப்ப யாரு. கை தவறிப் பட்டிருக்கலாம். சாக்கெட்டுக்குக் கொக்கி வக்கிறவ கை, அது தவறுமா.

முழங்கால்ல ஒரு எறும்பு ஏறுது. ஏறட்டும். பாய் கண்ணத் தொறந்து மறுபடியும் வெரலச் சுத்துறாரு. என்ன கெட்டுச்சு இப்ப? எனக்கு ஒண்ணும் கேக்கலயே. வண்டி இல்ல, கூரையில புறாகூடத் தூங்குது. ஒருவேளை என் நெஞ்சு அடிச்சுக்கிறது கேட்டிருக்குமோ. சட்டைப் பித்தான்கிட்டக் குத்தியிருக்க குட்டி மைக்கு, நெஞ்சுக்கு நேராத்தான் இருக்கு. ஐயையோ, தறி ஓடுதுன்னு நெனச்சுட்டாரு போல.

இன்னிக்குக் காட்சி இதுதான். பேச்சி கோவிச்சுக்கிட்டு விருதுநகர்ல இருக்க அண்ணன் வீட்டுக்குப் போறா. கதையில விருதுநகர், பாத்துக்கங்க. பைய எடுத்துட்டா. புருஷன் தடுக்க மாட்டான், திமிரா ஒரு வசனம், போறதுன்னா போ, ஆனா குக்கர் என்னுதுங்கணும். அதுக்கு அவ, குக்கர நீயே வச்சுக்கய்யா, விசில நான் கொண்டுபோறேன்னு விசிலப் பிடுங்கிக்கிட்டு நடக்கணும். சனம் சிரிக்கும். எழுதுனது நாந்தான். எழுதுறதுன்னா, நான் சொல்லுவேன், அவ நோட்டம் பாத்து இங்க சிரிப்பு வராது மாயண்ணே, இங்க வரும்னு திருத்துவா. விசிலு அவ ரோசனை. குக்கரும் அவ வீட்டுக் குக்கர்தான். பாய் ஓடவிட்டாரு. அவ பைய எடுத்து வாசப்படிக்குப் போயித் திரும்புனா. நான் வாயத் தொறந்தேன். குக்கர் வரல. போகாதன்னு வந்துச்சு. நான் நெசமாத்தான் சொல்றேன், திருப்பூருக்குப் போகாத, என்கூட இருன்னு வந்துச்சு. வாழ்க்கையில மொதத் தடவையா மனசு முன்னால போயி, வாயி பின்னால வந்துச்சு. அவ கண்ணு ஒரு கணம் நின்னுச்சு. அப்பறம் கெட்டிக்காரி, வசனத்த விடாம, குக்கர நீயே வச்சுக்கய்யா, விசில நான் கொண்டுபோறேன்னு சொல்லி எடுத்துக்கிட்டு நடந்துட்டா. பாய் என்ன சொன்னாரு தெரியுமா. பிரமாதம் மாயா, புதுசாப் போட்டியே, நல்லா இருக்கு, இன்னொண்ணு எடுத்துருவோம்னாரு.

உலகத்துல எவனுக்காச்சும் இப்படி நடந்திருக்கா. உசுரக் குடுத்து ஒண்ணு கேட்டா, லைட்டு சரியில்ல மறுபடி கேளுங்குறாய்ங்கெ. மறுபடி கேட்டேன். ரெண்டாந்தடவ சொல்றப்ப அதே வார்த்தை, அதே திருப்பூரு, ஆனா என் காதுக்கே நடிக்கிற மாதிரி இருந்துச்சு. குரல் நல்லா வந்துச்சு, அதுதான் தப்பு. மொத தடவ குரல் தானா ஒடஞ்சது, ரெண்டாந்தடவ ஒடைக்கிற எடம் தெரிஞ்சு ஒடச்சேன். அவளும் அதே மாதிரி விசில எடுத்தா. நல்லாருக்கு, கடைசியா ஒண்ணுன்னாரு பாய். மூணாந்தடவ எனக்குப் பயம் வந்துருச்சு. இன்னொரு தடவ கேட்டா அது வசனமாவே ஆயிரும், அப்பறம் காலத்துக்கும் அத நான் நெசமாக் கேட்டேன்னு அவளே நம்ப மாட்டா. அதனால எழுதி வச்சதுக்கே ஓடிட்டேன். போறதுன்னா போ, ஆனா குக்கர் என்னுதுன்னேன். இப்ப அவ விசிலு வசனத்தச் சொல்லணும். சொல்லல. பேச்சின்னு வந்த நாள்ல இருந்து ஒரு வசனத்த மறந்தவ இல்ல, என் வசனத்தையும் சேத்து ஞாபகம் வச்சுக்கிட்டு எடுத்துக் குடுப்பா. அப்படியே நின்னா. விசில எடுத்தா, எடுத்துக் கையில மூடிக்கிட்டா, ஒண்ணும் சொல்லல. பாய் கேமராவ நிறுத்துனாரு, மொத தடவ எடுத்ததே போதும்னாரு, அசையாதீங்க, வெறுஞ்சத்தம்னாரு, கையத் தூக்குனாரு. அதுல இருந்து நிக்கிறோம்.

ஏன் மறந்தா. களைச்சுப்போயி மறந்திருப்பா, விடியக்காலையில இருந்து நிக்கிறா. இல்ல, நான் மாத்திச் சொல்லுவேன்னு எதிர்பாத்து, மாத்தாததுனால தடுமாறியிருப்பா. எதிர்பாத்தான்னா வேணும்னு எதிர்பாத்தாளா, எங்க இந்தக் கிறுக்கன் மறுபடி கேட்டுருவானோன்னு எதிர்பாத்தாளா. மூணாந்தடவ நான் கேக்காததப் பாத்து, சரி, இவன் நடிச்சுத்தான் இருக்கான்னு முடிவு பண்ணியிருப்பாளோ. அப்படின்னா நான் பயந்ததுதான் தப்பு. கேட்டிருக்கணும், மூணாந்தடவையும். இப்பக் கேக்க முடியாது, வாயத் தொறந்தா பாய் வெரலச் சுத்துவாரு. அவளப் பாக்கக்கூடாதுன்னு நெனக்கிறேன், பாக்குறேன். வெரல்ல மிசினு எண்ணெய் போகாம கறுத்த கோடு ஒண்ணு இருக்கும், கேமராவுக்குத் தெரியும்னு எலுமிச்சம்பழத்தத் தேச்சுட்டு வருவா. இன்னிக்குத் தேக்கல போல, கறுப்பு அப்படியே இருக்கு. கடைசி நாள்தான, என்னத்துக்குன்னு விட்டுட்டாளா. இல்ல, இன்னிக்குப் பேச்சி கையா வரல, அவ கையாவே வந்திருக்காளா. பாத்தீங்களா, எலுமிச்சம்பழத்துலகூட நான் ஜாதகம் பாக்குறேன். எனக்கு மட்டும் தெரிஞ்ச ஒண்ணு சொல்றேன். ஒவ்வொரு காட்சிக்கு முன்னாலயும் நான் அந்தக் குட்டி மைக்கைக் கைக்குள்ள பொத்திக்கிட்டு, எனக்கு மட்டும் கேக்குற மாதிரி ஒண்ணு சொல்லிக்குவேன். மாயா, இது பேச்சி, தமயந்தி இல்ல, மறந்துராதன்னு. பொத்துறது எங்களுக்குள்ள ஒரு வழக்கம். மைக்கைப் பொத்திட்டா அது நாடகத்துல சேராது. வீட்டுக்காரம்மாவத் திட்டணுமா, மைக்கைப் பொத்து. பசிக்குதுன்னு சொல்லணுமா, பொத்து. அவளும் பொத்திக்கிட்டு ஏதோ முணுமுணுப்பா, சாமி கும்புடுறான்னு நான் நெனச்சுக்குவேன். இன்னிக்கு மொத தடவ எடுக்கறப்ப நான் பொத்தவே இல்ல. மறந்துட்டேனா, வேணும்னு விட்டேனா, எனக்கே தெரியல. அதோட அவ இன்னிக்குப் பச்சையில சேலை கட்டியிருக்கா, அந்த மொத நாள் நான் கட்டுன மாதிரியே. அதே சேலையா இருக்காது, அது வாடிக்கைக்காரவுகளுது. ஒருவேளை அந்தம்மா, எவனோ ஒரு ஆம்பள கட்டுனது எனக்கு வேணாம்னு இவகிட்டயே...

வந்துருச்சு. கரண்ட். எங்கிட்டோ ஒரு தறி மொதல்ல தும்முது, அதுக்குப் பக்கத்துல ஒண்ணு, அப்பறம் தெருப் பூராம் எந்திரிச்சு கடகட கடகடன்னு ஆட, தகரம் அதிர, புறா அத்தனையும் பறக்குது. பாய் கை எறங்குது. போச்சு, நேரமும் போச்சு, வெறுஞ்சத்தமும் போச்சு, நாளைக்கு அவளும் போயிருவா. நான் காலு மாத்தி நின்னு எறும்பத் தட்டிவிட்டேன். அம்புட்டு நேரமாத் தேக்கி வச்சதெல்லாம் பேசிரலாம்னு வாயத் தொறந்தேன். அவ அங்கன இருந்து நடந்து வந்தா. பைய இன்னும் கீழ வைக்கல. பக்கத்துல வந்து, விசிலு இருந்த கையாலயே சேலையில குத்தியிருந்த மைக்கைப் பொத்திக்கிட்டு, ஏய்யான்னா.

கேமரா ஓடல. நான் திரும்பிப் பாத்தேன், நெசமா ஓடல, செகப்பு வெளக்கு எரியல. ஏய்யா, பாய் எல்லாத்தையும் நிறுத்திட்டாரான்னு கேக்குறா, தறிச் சத்தத்துல எனக்கே பாதிதான் கேக்குது. கொட்டாயோட அந்தக் கோடியில இருந்து பாய் கத்துறாரு, நிறுத்தியாச்சு தங்கச்சி, நீ பேசுன்னு. பொத்திக்கிட்டுப் பேசுனது அவருக்கு எப்படிக் கேட்டுச்சு. நான் போயி, பாய், உங்களுக்கு இது கேக்குமான்னேன். காதுமூடிய ஒரு பக்கம் நகட்டிட்டு, பொத்துனா இன்னும் நல்லாக் கேக்கும்ப்பா, வாய்கிட்டக் கொண்டு போறீங்கள்ல, இடது காதுல நீயி, வலது காதுல தங்கச்சி, இத்தன வருசமா ரெண்டு பேரு பொலம்பலுக்கும் நடுவுல மாட்டுனது என் மண்டைதான்னாரு. எனக்கு வேர்வை உசிலம்பட்டியத் தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய்ல எறங்குச்சு. அப்ப நான் சொன்னதெல்லாம்? எல்லாந்தான். அவ சொன்னது? அத என்கிட்டக் கேக்காத, அவ இருக்கா, அவகிட்டக் கேளுன்னாரு. அப்ப ஒண்ணுமே கெடாதப்ப எதுக்குப் பாய் வெரலச் சுத்துனீங்க, நாங்க இங்க வெந்து போயி நிக்கிறோம்னேன். அதுக்கு அவரு வயரச் சுத்திக்கிட்டே சொன்னாரு, நீ வாய மூடுனாத்தான்டா அந்தப் புள்ள யோசிக்க முடியும். கேட்டா, பதில் சொல்ல எடம் விடணும்ல. நீ விட மாட்ட, அதான் நான் விட்டேன்.

நான் அவளப் பாத்தேன். சாமி கும்புடுறான்னு நெனச்ச மூஞ்சி. யோசிச்சியான்னு கேக்கணும், கேக்கல, ஒரு தடவையாச்சும் எடம் விடுவோம்னு நின்னேன். அவ பைய கீழ வச்சா. குக்கர்கிட்டப் போயி, கைய விரிச்சு, விசில அதோட எடத்துல வச்சு, ஒரு திருகு திருகி அமுக்குனா. அண்ணனுக்குப் போன் போட்டு நான் சொல்லிக்கிறேன், நீ ஊடால பேசாதன்னா. அண்ணே இல்ல, நீங்க இல்ல, நீன்னா. நான், இல்ல தமயந்தி, அந்த எம்பிராய்டரிக்காரரு மனசு என்ன பாடுபடும்னு ஆரம்பிச்சேன். வலது கையத் தூக்குனா. பாய் தூக்குற மாதிரியே, நேரா. வாய மூடிட்டேன். இனிமே நான் தூக்குனாலும் மூடணும், சம்மதமான்னா. சம்மதம்னு சொல்றதுக்கு வாயத் தொறக்கணும், தொறக்கலாம்னா கை எறங்கல, அதனால தலைய மட்டும் ஆட்டுனேன். தறி ஓடுது, பாய் வயரச் சுத்துறாரு, அந்தக் கை இன்னும் எறங்கல, அதுல எண்ணெய்க் கறுப்பு அப்படியே இருக்கு. ஹார்ட்டு யாரு போட்டதுன்னு இன்னும் நான் கேக்கல. கேப்பேன், அவசரமில்ல.

சரி, நீங்க எங்க நைசா எந்திரிக்கிறீங்க. இம்புட்டு நேரம் ஓசியில உக்காந்து ஒருத்தன் நெஞ்சுக்குள்ள நடந்ததையெல்லாம் கேட்டீங்கள்ல, பந்தி பெறகு, மொதல்ல மொய். வரிசையா வந்து, பேரையும் ஊரையும் தெளிவாச் சொல்லி வச்சுட்டு நகருங்க. என் கல்யாணத்துக்கும் மைக்ல வாசிக்கப் போறது நாந்தான், வேற ஆளுக்கு அந்தக் கொரல் வராது. வக்காமப் போறவுக பேரையும் சேத்துத்தான் வாசிப்பேன்.